தோள்துண்டின் சூடு

மலைமேல் இருக்கும் அருவங்காட்டில் ஐப்பசி பிறந்தால் துணி காயாது. சட்டையும் போர்வையும் நாலு நாள் கொடியில் தொங்கிவிட்டு, ஈரத்தோடேயே வீட்டுக்குள் வரும். முருகன் வேட்டிக்கு மட்டும் மேகம் விலகி நிற்கும் என்று எந்தப் புராணத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் வெடிமருந்து பேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மேட்டுக் கோயிலில் இருக்கும் முருகன், இந்த ஐப்பசி வரை பத்தொன்பது வருடமாக ஒரு நாள்கூட ஈரத்துணி உடுத்தியதில்லை. அதற்குக் காரணம் அம்சவேணி.

கேத்தியில் கேரட் காட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள். பேக்டரியில் வேலை பார்த்த லிங்கசாமிக்கு வாக்கப்பட்டு அருவங்காடு வந்தாள். ஒரு கார்த்திகையில் லிங்கசாமி நெஞ்சுச் சளியோடு படுத்தார். வீட்டில் இருந்தவை இரண்டே போர்வைகள். ஒன்று வேர்வையில் நனையும்போது மற்றது காய்ந்திருக்காது. ஆறாம் நாள் மத்தியானம், "வேணி, முதுவு சில்லுங்குது" என்றார். அவள் ஓடிப்போய்க் கணப்புச்சட்டியில் கரியைப் போட்டு ஊதினாள். கரி பிடித்துச் சிவப்பதற்குள் லிங்கசாமி போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து கோயிலுக்குப் போனவள், முருகன் ஈர வேட்டியோடு நிற்பதைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர்கள் அவரவர் வேண்டுதலை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அவள் குருக்களைப் பார்த்து, "ஏனுங்க சாமி, முதுவு சில்லுங்குமல்லங்க?" என்று கேட்டாள். குருக்கள் ஹரிஹரசுதன் படித்த சாஸ்திரத்தில் இதற்குப் பதில் இல்லை. மாற்று வேட்டியையும் தோள்துண்டையும் எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து அதுவே அவள் வேலை. வீட்டில் துணியை அலசி, தணல் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் மேல் விரிப்பாள். ஒரு சிட்டிகை சாம்பிராணி போடுவாள். விடியும்போது சூடு ஆறாமல் மடித்துத் தூக்குப்போசிக்குள் வைத்து, மேலே கம்பளி சுற்றி, கோயில் பின்வாசலில் குருக்கள் கையில் கொடுத்துவிட்டு வருவாள். செருப்பு விடும் இடத்துக்குக்கூடக் கோயில் கமிட்டி விளக்குப் போட்டிருந்தது. பின்வாசலுக்குப் போடவில்லை.

முதல் பூஜை முடிந்ததும் சாமியின் தோள்துண்டை எடுத்து, சீக்காளிக் குழந்தைகளின் முதுகில் ஒரு நிமிடம் போர்த்துவது அந்தக் கோயில் வழக்கம். வழக்கம் பழசு, சூடுதான் புதுசு. கமிட்டித் தலைவர் அண்ணாதுரை ஒருநாள் அதைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டார். பேக்டரியில் முப்பத்துநாலு வருடம் எதையும் இரண்டு தடவை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர், கடவுள் விஷயத்தில் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார். 'கதகதப்பு முருகன்' என்று நோட்டீஸ் அடித்தார். கோயமுத்தூரிலிருந்து வேன்கள் வந்தன. யூடியூப்காரர் ஒருவர் தெர்மாமீட்டரோடு வந்தார். நோட்டீஸைப் படித்த அம்சவேணி சிரித்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் ஸ்ரீமதி வந்த அன்று அவளால் சிரிக்க முடியவில்லை. ஸ்ரீமதி திருப்பூர்க்காரி, மூச்சிரைக்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். துண்டு முதுகில் பட்டதும் குழந்தை முனகலை நிறுத்திக் கண்ணை மூடியது. "அப்பா முருகா, உசுரோட இருக்கற சாமிடா நீ!" என்று அவள் கதறியதைத் தூணுக்குப் பின்னால் நின்று அம்சவேணி கேட்டாள்.

பேர் வந்ததும் பின்னாலேயே ஆசாரமும் வந்தது. அம்சவேணி சாமி துணி துவைக்கிறாள் என்பது மட்டும்தான் அண்ணாதுரைக்குத் தெரியும்.

"ஏனம்மிணி, சாமி வஸ்திரம் ஊட்டுக்கெல்லாம் போறது நல்லாவா இருக்குது? தனி மண்டபமே கட்டியாச்சு. நீங்க செஞ்சது போதும், ரெஸ்ட் எடுங்க."

"அலசிக் குடுக்கறதாச்சும் நான் செய்யறனுங்க தலைவரே."

"அதுக்குத்தான் மெசின் வந்துருச்சே!"

வஸ்திர மண்டபத்தில் இரண்டு கொடிகள், நன்கொடை கொடுத்த பதினேழு பேரின் பெயர் பொறித்த ஒரு கல்வெட்டு. ஐப்பசி மேகம் கல்வெட்டைப் படிக்க உள்ளே வந்து, அங்கேயே தங்கிவிட்டது. மூன்றாம் நாள், தோள்துண்டைப் போர்த்தியதும் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. துண்டு ஐஸாக இருந்தது. கமிட்டி கூடி ஜோசியரைக் கேட்டது. தெய்வக் குற்றம் என்றார் அவர். வெள்ளிக்கிழமை நூற்றெட்டுச் சுமங்கலிகள் விளக்குப் பூஜை செய்ய வேண்டுமாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் குருக்கள் அம்சவேணி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். அந்தச் சூடு உங்க கையில இருந்து வந்ததுன்னு. துணி உங்ககிட்டயே திரும்பி வந்துடும்."

கூடை வெறுமனே கவிழ்ந்து கிடந்தது. துணி திரும்பி வரும். அதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்டதில்லை.

"அந்தத் திருப்பூர்ப் புள்ள நாளைக்கு வருமுங்களா?"

"வரேன்னு போன் பண்ணியிருக்கா."

"அவகிட்ட என்னன்னு சொல்லுவீங்க? அது முருகன் இல்லம்மா, லிங்கசாமி பொண்டாட்டி ஊட்டுக் கரிச்சூடுன்னா?"

"தெரிஞ்சே சும்மா இருக்கறது எனக்கு உறுத்தறதும்மா."

"உறுத்தட்டுங்க சாமி. எனக்கும்தான் உறுத்துது." கணப்புச்சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். "இத நீங்க கொண்டு போங்க. கேட்டா, கை வெறைக்குதுன்னு சொல்லிப்போடுங்க. குருக்களுக்குக் குளுருதுன்னா எந்த ஜோசியனும் வந்து பாக்க மாட்டான்."

குருக்களுக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றது. "அப்புறம் துணியத் தொடவே உங்களுக்குக் கிடைக்காதேம்மா."

முந்தானையால் கூடையைத் துடைத்தாள். "இதையும் எடுத்துக்கங்க. நேராத் தணல்ல காட்டுனா கருகிப் போயிரும். தோள்துண்டக் கடைசியாப் போடுங்க, அதுதான் சீக்கிரம் ஆறும்."

வெள்ளிக்கிழமை வாசலில் நின்ற பெண், "சுமங்கலிங்க மட்டும் உள்ள வாங்க, நீங்க அப்படி ஓரமா நில்லுங்கம்மா" என்று அம்சவேணியை ஒதுக்கினாள். பூஜை முடிந்து தோள்துண்டு வந்தது. "சுடுதுங்க! முருகன் திரும்பி வந்துட்டானுங்க!" என்று ஸ்ரீமதி அழுதாள். குழந்தை அவள் தோளில் தூங்கிப்போனது. அண்ணாதுரை மைக்கைப் பிடித்து ஜோசியருக்குப் பொன்னாடை அறிவித்தார். கல்வெட்டில் பதினெட்டாவது பேருக்கு இடம் இருப்பதாகவும் சொன்னார். குருக்கள் தலையைக் குனிந்துகொண்டு குங்குமம் கொடுத்தார்.

ஓரமாக நின்ற அம்சவேணி குங்குமத்துக்குக் கை நீட்டவில்லை. வீட்டில் இருந்த ஒரே சட்டியும் ஒரே கூடையும் கோயிலில் இருந்தன. நேற்றுத் துவைத்த சேலை காயவில்லை. ஈரத்தோடேயே அதை உடுத்தி வந்திருந்தாள். முதுகு சில்லென்றிருந்தது.

கூட்டம் கலையுமுன் வீட்டுக்கு வந்து கரி மூட்டையைப் பிரித்தாள். புகையாத கரியாகப் பார்த்து, நாளைக்குப் பின்வாசலில் குருக்களிடம் கொடுப்பதற்காகத் தூக்குப்போசியில் பொறுக்கிப் போடத் தொடங்கினாள்.