வியர்க்காத பிள்ளையும் பழைய காரும்

என் மகனுக்குப் பிறவியிலேயே வியர்வைச் சுரப்பி இல்லை. பற்களும் நாலைந்துதான். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் உடம்பு காய்ச்சல் கண்டதுபோலக் கொதிக்கும். தாடை வளர வளர பல்செட்டை மாற்றவேண்டும் என்று மாதாமாதம் சென்னை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அதற்காகத்தான் ஏசி வைத்த பழைய காரை வாங்கினோம். கணவருக்கு ஷிப்ட் வேலை என்பதால் ஓட்டுவது நான்தான். கடற்கரையை ஒட்டிய குடியிருப்பிலிருந்து திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகப் போவேன். பின் சீட்டில் ஈரத்துண்டும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும்.

அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒரு மே மாதம், செங்கல்பட்டு தாண்டியதும் ஏசியிலிருந்து சூடான காற்று வந்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு கார் ஏசி கடை கண்ணில் பட்டது. அங்கே திருப்பிவிட்டேன்.

மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்தார். காஸ் முழுக்க இறங்கிவிட்டது. இந்த வண்டிக்கான பழைய காஸ் இப்போது கிடைப்பதில்லை, புது காஸ் போடுவதென்றால் உள்ளே இருக்கும் ஆயிலைக் கழுவி எடுத்து, ரப்பர் வளையங்களையும் மாற்றவேண்டும், சாயந்திரம் ஆகிவிடும் என்றார். சொல்லும்போதே என் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

அவர் உடனே, கசிவு பார்க்கிற தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, "குந்து நைனா" என்று அவனை உள்ளே இறக்கினார்.

கழுத்தளவு தண்ணீரில் அவன் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இன்று வர முடியாது என்றேன். இதற்கிடையே ஏசியின் முன்பக்கக் கண்டென்சரைக் கழற்றி, காற்றடித்து, அதே தொட்டியில் அவன் காலருகே அமிழ்த்தினார்கள். மூலையிலிருந்து குமிழ் வந்தது. உப்புக் காற்று அரித்திருந்தது. அதைப் பற்றவைத்து, எல்லாம் மாட்டி, புது காஸ் ஏற்றி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

"அக்கா, ஓடிக்கினே இருந்தா கூலிங் வரும். நின்னா அவ்ளோவா வராது. வண்டி பழைய காஸுக்குன்னு செஞ்சது. இதுக்கு மேல என்னால முடியல" என்றார்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஊரப்பாக்கம் நெரிசலில் நின்றால் காற்று வெதுவெதுக்கும், நான் பின்னால் எட்டி அவன் சட்டையை நனைப்பேன். நெரிசலுக்குப் பயந்து விடிவதற்குள் கிளம்பப் பழகினேன். அடுத்தடுத்த கோடைகளிலும் காஸ் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அதே கடை, அதே ஸ்டூல். தொட்டிக்குள் அடங்காத அளவு அவன் வளர்ந்தபிறகு, மெக்கானிக் ஹோஸ் பைப்பை அவன் கையில் கொடுத்துவிடுவார். ஆபீஸில் லீவு கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போயிருந்தது.

கடைசியில் ஏசியின் கம்ப்ரசர் இறுகிப்போனது. கடன் வாங்கி வேறு கார் எடுத்தோம். அது புது காஸுக்கென்றே செய்த வண்டி. முதல் பயணத்தில் பொத்தேரியில் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். வண்டி நின்றது, குளிர் குறையவில்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. ஓரங்கட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளட்டுமா என்று மகனைக் கேட்டேன்.

"தூங்கும்மா. எனக்கு ஒண்ணும் பண்ணல" என்றான்.