காசியில் விட்ட பழம்

எருமப்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் ஒரு கொரியப் பெண் சேர்ந்தாள். கணவனுக்குச் சென்னைப் பக்கம் கார் கம்பெனியில் வேலை. கடையில் எதையும் கையைக் காட்டித்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்று வருத்தப்பட்டாள். அதனால் வகுப்புக்கு ஒரு பழம் என்று வைத்துக்கொண்டோம். அவள் பழத்தைத் தூக்கிக் காட்டுவாள், நான் இங்கிலீஷில் பெயர் சொல்வேன், அவள் மூன்று முறை திருப்பிச் சொல்வாள். கொய்யா, மாதுளை, சப்போட்டா என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் சீத்தாப்பழத்தைத் தூக்கினாள்.

என் கணவர் லாரி ஓட்டியவர். சீசனில் தம்மம்பட்டி வழியாக வந்தால் துண்டில் முடிந்து சீத்தாப்பழம் கொண்டுவருவார். அதில் பாதியை அவரே தின்று தீர்ப்பார். மாரடைப்பில் அவர் போன பிறகு, அஸ்தி கரைக்கக் காசிக்குப் போனோம். அங்கே பிடித்ததில் ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும். மாமியார் சுரைக்காயை விட்டார். அதை எந்தக் காலத்தில் தொட்டாரோ! நான் வீம்புக்குச் சீத்தாப்பழம் என்றேன். அதன்பிறகு அது எங்கள் வாசலைத் தாண்டவில்லை, அமாவாசைப் படையலுக்குக்கூட. பெயரையும் நான் சொல்வதில்லை.

முதல் திதியன்று மாமியார் படையல் இலையைப் பார்த்தபடி கேட்டார்: "நீ உட்டது உன்ற வாய்க்குத்தானே கண்ணு? அவன் வந்தா எதைத் திம்பான்?"

அன்றிலிருந்து இலை போடும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் கணவர் பசியோடு நிற்பதாகவே தோன்றும். பயமாக இருக்கும். ஆனாலும் விட்டதை மறுபடி வீட்டுக்குள் எடுக்கத் துணிவு வரவில்லை.

கொரியப் பெண்ணிடம், எனக்குத் தெரியாது என்று புளுகிவிட்டேன். அவளும் நம்பினாள். அடுத்த வகுப்புக்கு முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். பழக்கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். கஸ்டர்ட் ஆப்பிள் என்றாள். இப்போது நீங்கள் சொல்லுங்கள், மூன்று முறை, என்று என் கண்டிப்பை என்னிடமே காட்டினாள். பழத்தைப் பிட்டு, வெள்ளைச் சுளையைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

ஒரு முறை சொன்னேன். இரண்டாம் முறையும் சொன்னேன். பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. மூன்றாம் முறை சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன்.

பெயர் தெரியாத வெட்கத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் தேற்றினாள்.

"முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும், டீச்சர். இனிமேல் மறக்க மாட்டீர்கள்."