டிரம்ஸ் வந்ததும் எழுந்துவிட்டேன்

மகள் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் பையனின் அப்பா, ஜார்ஜியாவில் பிறந்து டெக்சாஸில் குடியிருப்பவர், மான்மவுத் ஜங்ஷனில் உள்ள எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வந்தார். பூ, பழம், ஸ்வீட் எதுவும் இல்லை. ஒரு கையில் ஒரே உறையில் இரண்டு பழைய இசைத்தட்டுகள், மறு கையில் ரெக்கார்ட் பிளேயர். தன் ஊர்ப்பக்கத்து ப்ளூஸ் ராக் குழு மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது என்றார். இதை ஒருவரோடு சேர்ந்து கேட்டால்தான் அவர் எப்படிப்பட்டவர் என்று தனக்குப் புரியும் என்றும் சொன்னார். ஜாதகம் கேட்டிருந்தால்கூடத் தெரிந்த ஜோசியரைப் பிடித்திருப்பேன்.

"அப்பா, ப்ளீஸ், நோ ஜோக்ஸ்" என்றாள் மகள், காதருகில். ஜோக்கையும் பிடுங்கிக்கொண்டால் என்னிடம் மிஞ்சுவது தொப்பைதான்.

முதல் தட்டு சுழன்றது. இரண்டு கிடார்கள் ஒன்றையொன்று துரத்தின. பாடகர் நாலு வரி பாடிவிட்டுக் காணாமல் போனார். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். ஆதி தாளத்தில் ஏறி எங்கோ இறங்கினேன். பாட்டு அடங்கியது. கை தட்டினேன். அது முடியவில்லை, மூச்சு வாங்கியிருக்கிறது. மறுபடி அடங்கியது, மறுபடி தட்டினேன். சம்பந்தி ஆகவேண்டியவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சரி, மண்டபம் புக் பண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லாம் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும், இரண்டு பேர் சேர்ந்து. சபாக்களில் கச்சேரி கேட்டு வளர்ந்த உடம்பு இது. தனி ஆவர்த்தனம் என்றால் கான்டீனுக்குப் போகும் நேரம். மூளையைக் கேட்காமலே கால் சமையலறைக்கு நடந்துவிட்டது. பஜ்ஜித் தட்டை எடுத்தபோது ஹாலில் சத்தம் நின்றது.

மனைவி அடுப்பை அணைத்தாள். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"டிரம்ஸ் வந்துச்சு, எழுந்துட்டேன்."

"உங்களுக்காகப் போட்டுக் காட்டறார் மனுஷன், நீங்க பஜ்ஜிக்கு வந்தீங்களா? போய் உட்காருங்க. இந்த இடம் தட்டிப்போச்சுன்னா உங்களை அப்புறம் பாத்துக்கறேன்."

தட்டைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு போனேன். அவர் பிளேயரின் முள்ளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கோபமா என்று தெரியவில்லை, தாடி மறைத்தது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். எங்கள் கச்சேரிகளில் இந்த நேரத்தில் பாதிப் பேர் காபி குடிக்கப் போய்விடுவோம்.

அப்போது தாளக்காரர் என்ன செய்வார் என்று கேட்டார். பழகிவிட்டது, மீதிப் பேருக்கு வாசிப்பார் என்றேன். மகள் கண்களை மூடிக்கொண்டாள்.

அவர் ஒரு பஜ்ஜியை எடுத்து முழுதாகத் தின்றார். நீங்கள் இல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட மனம் வரவில்லை என்று சொல்லி, முள்ளை டிரம்ஸின் ஆரம்பத்துக்கே கொண்டுபோய் வைத்தார். இது மரியாதையா தண்டனையா என்று புரியாமல், முழுவதையும் அசையாமல் கேட்டேன்.

இரண்டு தட்டிலும் சேர்த்து இன்னும் மூன்று பக்கம் பாக்கி என்றார் முடிவில். அதை டெக்சாஸில், கல்யாணத் தேதி பேச நாங்கள் வரும்போது வைத்துக்கொள்ளலாமாம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பக்கமும் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.