மீன் பெட்டியில் லேப்ராஸ்கோப்பி

வயிற்றைத் திறப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. என்னிடம் பித்தப்பையைப் பறிகொடுத்தவர்கள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இருக்கிறார்கள். சட்டையைத் தூக்கினால் யார் கைவேலை என்று தழும்பே சொல்லிவிடும், அவ்வளவு நீளம். ஆகவே, சின்னச் சின்னத் துளைகள் போட்டு, உள்ளே கேமராவை விட்டு, டி.வி.யைப் பார்த்தபடி ஆபரேஷன் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்ற சமாசாரம் கிளம்பியபோது, "இது வைத்தியமா, வீடியோ ஷோவா?" என்று சிரித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த மெஷின் எங்கள் அரசு ஆஸ்பத்திரிக்கே வந்து இறங்கியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

மெஷினோடு ஒரு நிபந்தனையும் இறங்கியது. பயிற்சி முடித்துத் தேர்வில் தேறியவர்தான் ஆபரேஷன் செய்யலாம். தேறாதவர் பக்கத்தில் நின்று கேமரா பிடிக்கலாம். பயிற்சியும் தேர்வும் நடத்தப்போகிறவர் எங்கள் யூனிட்டிலேயே இருந்த பெண் டாக்டர். வெளியூர் போய்க் கற்றுக்கொண்டு வந்தவர். அதற்கு முன்பு, என் நீளமான வெட்டுகளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, மூக்கு அரித்தாலும் சொறிய வழியில்லாமல் என் எதிரே நின்றவர். தோற்றால் நான் அவருக்குக் கேமரா பிடிக்க வேண்டும். என்னைப் பயிற்சிக்குத் துரத்தியது இந்தப் பயம்தான். அறிவுத்தாகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதல் வகுப்பிலேயே எச்சரித்தார். "இதுல எல்லாமே தலைகீழா இருக்கும் சார். துளை வழியா கருவிய விடறோம் இல்லையா, வெளிய கை வலது பக்கம் போனா உள்ள முனை இடது பக்கம் போகும். முதல்ல தவிப்பாத்தான் இருக்கும். வீட்ல ஒரு பெட்டி வெச்சுப் பழகுங்க."

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டில் பெட்டி செய்யும் பொறுப்பை மைத்துனன் ஏற்றுக்கொண்டான். துறைமுகத்தில் வேலை, லீவு நாளில் கல்யாண வீடியோ எடுப்பான். காசிமேட்டிலிருந்து மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தான். மூடியில் இரண்டு துளை, உள்ளே ஒரு பல்பு. பக்கச் சுவரை அறுத்துத் தன் வீடியோ கேமராவைப் பொருத்தி, ஒயரை எங்கள் டி.வி.யில் சொருகினான். வஞ்சிரத்தின் வாசனையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"கலீஜா கீதேன்னு பாக்காத மாமா. படம் சோக்கா வரும்."

"சீரியல் நேரத்துல இன்னாடா இந்தக் கூத்து?" என்றாள் என் மனைவி.

"கொஞ்ச நாளு பொறுத்துக்கக்கா. மாமாவே ஒரு சீரியலுதான்."

ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட நீளமான இடுக்கிகளைத் துளைகளில் விட்டு, ஒரு கிண்ணத்துக் கொண்டைக்கடலையை இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றத் தொடங்கினேன். அப்போதுதான் அந்த அதிசயத்தைக் கண்டேன். கை வலப்பக்கம் போனால், திரையிலும் முனை வலப்பக்கமே போனது! ஊரே தவிக்கும் இடத்தில் எனக்குத் தவிப்பே இல்லை. உள்ளே தள்ளினால் மட்டும் முனை திரையில் என்னை நோக்கி வந்தது. தலைகீழ் என்பது இவ்வளவுதான்போல என்று அதையும் பழகிக்கொண்டேன். பிறவியிலேயே வந்த கை என்று முடிவு கட்டி, டாக்டர்கள் அறையிலும் இரண்டு பேரிடம் அடக்கமாகச் சொல்லிவைத்தேன்.

"கடலைய எடுத்து எடுத்து வெக்கிறீங்களே, ஒரு நாளாவது ஊறப்போட்டுத் தரக் கூடாதா?" என்றாள் மனைவி. மேதைகளின் வீட்டில் இப்படித்தான் பேசுவார்கள்.

தேர்வுப் பெட்டியில் மீன் வாசனை இல்லை. அதிலேயே கொஞ்சம் நிலைகுலைந்தேன். மணிகளை எடுத்துக் குச்சியில் மாட்ட வேண்டும். கையை வலப்பக்கம் கொண்டுபோனேன். முனை இடப்பக்கம் ஓடியது. இன்னும் அழுத்தமாக வலப்பக்கம் போனேன். இடது சுவரில் போய் முட்டியது.

"டாக்டர், உங்க கேமரா ரிப்பேர். வலது இடதா வருது."

"அப்படித்தான் சார் வரணும்."

"எங்க வீட்ல வரலையே!"

"வீட்ல கேமரா எந்தப் பக்கம் சார் இருக்கு?"

"எனக்கு எதிர்ல. என்னைப் பாத்து."

அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

கல்யாண வீடியோக்காரன் கேமராவை எங்கே வைப்பான்? மாப்பிள்ளையின் முகத்துக்கு எதிரே. ஆபரேஷனிலோ கேமரா என் பக்கமிருந்து, நான் பார்க்கும் திசையிலேயே பார்க்க வேண்டும். துளை தலைகீழாக்கியதை மைத்துனனின் கேமரா மறுபடி தலைகீழாக்கி நேராக்கிவிட்டிருந்தது. என் பிறவிக் கையின் ரகசியம் அதுதான்.

அதோடு விட்டேனா? டி.வி.யைத் திருப்பச் சொல்லி, பெட்டிக்கு அந்தப் பக்கம் போய்க் கேமராவைப் பார்த்து நின்றேன். ஒரு மணிகூடத் தவறவில்லை. தேர்வுக்கு வந்திருந்த ஒருவர் கை தட்டியே விட்டார்.

"பிரமாதம் சார்," என்றார் பெண் டாக்டர். "ஆனா பேஷன்ட் வயித்துக்குள்ள கேமரா உங்க மூஞ்சியப் பாக்காது. பித்தப்பையத்தான் பாக்கும். அடுத்த பேட்ச்ல வாங்க. அதுவரைக்கும்..."

"கேமரா."

"ஆமா சார்."

வீட்டுக்கு வந்து மைத்துனன்மேல் பாய்ந்தேன். அவன் அசரவில்லை. "மூஞ்சி வுழாத படத்த எவன் மாமா பாப்பான்?" நான் கேமரா பிடிக்கப்போகிறேன் என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம லைனுக்கே வந்துட்டியா! ஒண்ணே ஒண்ணு மனசுல வெச்சுக்கோ மாமா. யாரு துட்டு குடுக்கறாங்களோ, அவங்க மூஞ்சிய நெறைய காட்டு."

எங்கள் வார்டில் யாரும் துட்டு கொடுப்பதில்லை. முதல் ஆபரேஷன் நெட்டுக்குப்பத்து அம்மா ஒருவருக்கு. பெண் டாக்டர் கருவிகளோடு நின்றார். நான் இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"சார், படம் சாயுது. கொஞ்சம் நேரா பிடிங்க சார்."

மூக்கு அரித்தது. நேராகப் பிடித்தேன்.