போயா நாளில் பஸ் பாருக்குப் போனோம்

பழைய பஸ் ஒன்றைத் தோட்டத்துக்குள் நிறுத்தி, அதற்குள் பார் நடத்துகிறார்கள் என்று என் நண்பன் எங்கேயோ கேள்விப்பட்டு வந்தான். அக்குறணையைத் தாண்டி, மாத்தளை றோட்டில். பில்லைக்கூட பஸ் டிக்கெட் மாதிரிதான் கிழித்துக் கொடுப்பார்களாம். கண்டி கம்பளை பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக ஓடியவனுக்கு இதைக் கேட்டால் கால் தரிக்குமா?

"மச்சான், எனக்குச் சத்தம் இருக்கிறப்பவே ஒருக்கா போயிட்டு வந்துருவோம்டா" என்றான்.

அவனுக்குத் தொண்டையில் புற்று. அடுத்த கிழமை குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். டொக்டர் அதைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பழகினால் பிறகு வேறு விதமாகப் பேசலாம் என்று அவர் சொன்னதை இவன் காதில் வாங்கவேயில்லை. எனக்கு டொக்டர் மேல் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார், பாவம்.

நான் கம்பளையிலிருந்து கண்டி மாநகரசபைக்கு வேலைக்குப் போய்வந்த கிளார்க். அவனுடைய பஸ்ஸில்தான் எங்கள் சிநேகம் பிடித்தது. ஒரு பெல் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். இரண்டு அடித்துவிட்டால் ஓடிவருவது மந்திரியானாலும் நிற்கக் கூடாது என்பது அவன் சட்டம். பிந்தி வந்த நான் எத்தனையோ நாள் அந்தச் சட்டத்தைத் திட்டிக்கொண்டே அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன்.

இரண்டு பேருக்கும் தோதாக ஒரு விடுமுறை நாளைப் பிடித்து, மைத்துனரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரையும் அவன் வாய் ஓயவில்லை. குரல் ஏற்கெனவே கரகரத்துப் போயிருந்தது. ஆனாலும் இடப்பக்கம் தலையை நீட்டி, "சரி சரி, எடு எடு" என்று எனக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தான்.

"இன்னக்கி ரோட்டுல வாகனமே இல்ல பாத்தியா? நம்ம நேரம்டா!"

வெள்ளை உடுத்தவர்கள் பூத்தட்டோடு விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்குறணையில் இறைச்சிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் போனோம். கண்ணிருந்தும் குருடர்கள் என்பது எங்களைத்தான்.

வாசலில் ஒரு காவலாளி இருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அத போய நே, மஹத்தயா."

இன்றைக்குப் போயா, பௌர்ணமி. நாடு முழுக்க ஒரு சொட்டுச் சாராயம் விற்க மாட்டார்கள். விடுமுறை என்று தேடிப்பிடித்த நாளே அதுதான். அது எதற்கு விடுமுறை என்று இரண்டு கழுதைகளும் யோசிக்கவில்லை. மற்ற நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அடுத்த போயாவுக்கு அவன் பேச மாட்டான்.

அவன் காவலாளியிடம் சிங்களத்தில் ஏதோ மெதுவாகச் சொல்லி, தொண்டையைத் தொட்டுக் காட்டினான். அவர் சிரிப்பை விட்டுவிட்டு பஸ்ஸின் கதவைத் திறந்தார்.

உள்ளே சீட்டுகள், கம்பிகள், பெல் கயிறு எல்லாம் அப்படியே இருந்தன. முன் சீட்டின் மேல் 'மதகுருமாருக்கு' என்ற பலகையைக்கூடக் கழற்றவில்லை. களைப்பில் நான் அதில் உட்காரப் போனேன்.

"எழும்புடா! பலக தெரியலியா?"

"பார்ல எந்தச் சாமிடா வந்து உக்காரப் போகுது?"

"யாரு வந்தா என்ன, வராட்டி என்ன? எழும்பு."

எழும்பிப் பின்னால் போய் உட்கார்ந்தேன். காவலாளி இரண்டு ஜிஞ்சர்பியர் சோடா கொண்டுவந்து வைத்தார். இவன் தொடவில்லை. கம்பிகளைத் தடவிக்கொண்டே முன்னும் பின்னும் நடந்தான்.

"நம்ம பஸ்ஸு இல்ல. ஆனா மாடல் அதுதான்."

பிறகு மிதிபலகையில் இறங்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, உடம்பை வெளியே சாய்த்து, ஆளில்லாத தோட்டத்தைப் பார்த்துத் தன் பழைய ஊர்களைக் கூவினான்.

"பேராதெனி, கெலிஓயா, கம்பொல, கம்பொல, கம்பொல! உள்ளுக்குப் போங்க, நடுவுல எடம் இருக்கு!"

மூன்றாவது கம்பொலவில் குரல் உடைந்தது. இருமி, எச்சிலை விழுங்கிக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து கூவினான். நான் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். காவலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் பெல் கயிற்றை இரண்டு தரம் இழுத்தான். எங்கோ முன்பக்கம் மணி அடித்தது. பஸ் எங்கே போகும்? அது நின்ற இடத்திலேயே நின்றது.

ஒப்பரேஷனுக்குப் பிறகு எழுதிப் பேசச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு கொப்பி கொடுத்தார்கள். அவன் அதைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டான். பார்வை நேரம் முடிந்து நான் எழும்பும்போதெல்லாம், கட்டில் இரும்பில் விரலை மடக்கி ஒரு தரம் தட்டுவான். நான் மறுபடி உட்காருவேன். தாதி வந்து சத்தம் போடும்வரை உட்கார்ந்திருப்பேன்.

நோய் திரும்பி வந்தது. கடைசியாகப் பார்க்கப் போன பின்னேரம் அவன் தட்டவேயில்லை. எனக்கும் எழும்ப மனம் வரவில்லை. அன்றைக்கென்று தாதியும் வந்து சத்தம் போடவில்லை. வெகுநேரம் கழித்து விரல் அசைந்தது. இரண்டு தட்டு.

"இருக்கேன்டா" என்றேன்.

முகத்தைச் சுளித்தான். மறுபடி இரண்டு தட்டினான்.

அவன் சட்டம் எனக்குத் தெரியும். எழும்பி நடந்தேன்.