அவளைக் கேட்ட கேள்வி

ஓர் இடத்தில் சிவனே என்று உட்கார எனக்கு வராது. பேச்சிலும் அப்படித்தான். யார் யாரைக் கேட்டாலும் முந்திரிக்கொட்டையாக நான்தான் பதில் சொல்லுவேன். என் பொண்டாட்டி அதற்குப் பழகிப்போயிருந்தாள்.

போன வருஷம் திராட்சை வெட்டு நடக்கும்போது அவள் இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தாள். பந்தலில் ஆள்கள் நிற்கிறார்கள், லாரி வரப்போகிறது, இவளுக்கு இப்போதுதானா வலி வர வேண்டும் என்ற எரிச்சலோடுதான் உத்தமபாளையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவளைப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டார்.

"நடு முதுகுக்குக் கீழ சார். நாளெல்லாம் குனிஞ்சு நிமிந்து வேலை பாக்குறவ," என்றேன் நான்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆம்பளை டாக்டர், பக்கத்தில் அவசரப்படும் புருஷன், தலை குனிந்துகொண்டாள். முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை.

அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். அடுத்த தெருவில் இருக்கும் என் அக்கா அதைப் பார்த்துவிட்டு, நோகாமல் நோன்பு கும்பிடப் பார்க்கிறாள் என்றது. நானும் சேர்ந்து சிரித்தேன். வெட்கக்கேடு.

இந்த வருஷம் அதே வெட்டு வருவதற்குள் அவளால் சம்மணம் போட முடியவில்லை. காலைக் குனிந்து கழுவாமல் நின்றபடியே தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இனி இவள் நடப்பாளா என்ற நினைப்பு என்னை விடவே இல்லை.

தேனிக்குக் கிளம்பினோம். பழனிசெட்டிபட்டியில் பஸ் ஊர்ந்தது. இறங்கி நடந்துவிடலாம் என்று எழுந்தேவிட்டேன். கூட இருப்பவளால் நடக்க முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

இந்த டாக்டர் பெண். அவளிடம் கேட்டார், நான் ஆரம்பித்தேன். நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று என்னை அனுப்பிவிட்டார். வராந்தாவில் எத்தனை நடை நடந்தேனோ தெரியாது. மூன்று டீ குடித்தேன். நடுவில் அவளைப் படம் எடுக்கக் கூட்டிப்போனார்கள். இவ்வளவு நேரம் அப்படி என்னதான் சொல்கிறாள் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஒருவழியாக என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்கள். வலது பக்கம் தொடை எலும்பின் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கறுப்பாக இடைவெளி இருந்தது. இடது பக்கம் அது இல்லவே இல்லை. மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, வலி முதலில் இருந்தே கவட்டில்தான் இருந்திருக்கிறது, பழைய படம் வேறு இடத்துக்கு எடுத்தது என்றார் டாக்டர். மாற்று மூட்டு வைத்தால் நன்றாக நடக்கலாமாம். ஆனால், ஒரு வருஷமாக இதை எப்படித் தாங்கினார் என்று என்னைக் கேட்டார். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் படத்தை மடியில் வைத்திருந்தாள். சின்னமனூர் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அன்னைக்கும் டாக்டர் என்னையத்தான கேட்டாக."

திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

வீட்டில் அக்கா காத்திருந்தது. என்னவாம் என்று வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தது.

"அவளையக் கேளுக்கா," என்றேன்.

அவள் உறையிலிருந்து படத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.