எண்ணெய் படாத துணி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்பது எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அன்று ஷிப்ட் முடிந்ததும் வாசலில் பெண்களைச் சோதிக்கும் செக்யூரிட்டி அக்கா நேரே என்னிடம் ஓடி வந்தார். "உன் ரூம் பொண்ண ஆபீசுல நிக்க வச்சிருக்காங்க. பையில பனியன் துணி இருந்துச்சு. நான் ஆபீசுல சொல்லாம இருக்க முடியல."

பனியன் துணி என்பது எங்கள் தொழிற்சாலையில் மெஷின் துடைக்கிற துணி. திருப்பூர்ப் பக்கமிருந்து மூட்டையில் வரும் வெட்டுத் துண்டுகள். எண்ணெய் படாத வெள்ளைத் துண்டுகளை அவள் பொறுக்கி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எதற்கு என்றும் தெரியும். ஜூஜுவாடியில் நாங்கள் சேர்ந்திருக்கும் அறையில், கொடியில் தொங்கும் நைட்டிக்கு அடியில் அவை வெயில் படாமல் காயும். ஈரம் போகுமுன்பே மறுபடி எடுத்து வைத்துக்கொள்வாள். புண்ணாகி, காலை அகட்டி நடந்துகொண்டே வேலை பார்த்த நாட்களும் உண்டு. சம்பளம் ஜவளகிரியில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடும். வாடகையும் சாப்பாடும் போக மிச்சத்தில் நாப்கின் அவளுக்கு எட்டாது. என்னுடையதை நீட்டினால் ஒருமுறை வாங்குவாள், மறுமாதம் "இருக்குதுக்கா" என்று பொய் சொல்வாள்.

நான் ஆபீசுக்குள் நுழைந்தபோது அதிகாரி விசாரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு சூப்பர்வைசர்கள்.

"ஹைவேல இருக்கற லாரி ஷெட்டுக்கு விக்கறியா? யாரு வாங்கறாங்கன்னு சொல்லு. இல்லன்னா நாளையிலிருந்து வரவேண்டாம்."

அவளுக்கு வேலை போனால் நேரே ஊர்தான். அங்கே மாப்பிள்ளை தயாராக இருந்தான். அது தெரிந்தும் நின்றாள். வீட்டுக்குத் தூரமான நாட்களில் அவள் அம்மாவே அதைக் கண்ஜாடையில்தான் சொல்வாளாம். இந்த ஆண்களுக்கு முன்னால் அதைச் சொல்வதைவிடத் திருடி என்ற பேரே மேல் என்று முடிவு செய்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லாரி ஷெட்டுக்கில்ல சார். மாசாமாசம் வர்றதுக்கு வச்சுக்கிறா. நாப்கின் வாங்கக் காசில்ல."

ஒரு சூப்பர்வைசர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். அதிகாரியின் காது சிவந்துவிட்டது. "இதெல்லாம் லேடீஸ்கிட்டச் சொல்லணும்மா."

"திருட்டுன்னு உங்ககிட்டத்தான சார் வந்துச்சு. காரணமும் உங்ககிட்டத்தான் வரும்."

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "சரி, போனாப் போகுது. இனிமே எடுக்க மாட்டேன்னு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டுப் போ."

எழுதித் தொலையடி, வேலையாவது மிஞ்சும் என்று மனதுக்குள் சொன்னேன். அவள் பேனாவைத் தொடவில்லை.

"எழுத மாட்டேங்க சார். முடிஞ்சிருந்தா கேட்டுட்டுதான் எடுத்திருப்பேன். இங்க யாருகிட்டங்க கேக்கறது?"

அத்தனை நேரத்தில் அவள் பேசியது அவ்வளவுதான். அவர் தாளைத் திரும்ப இழுத்து டிராயரில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வந்துரு" என்றார். வெளியே வந்ததும் அவள் அழுவாள் என்று நினைத்தேன். பசிக்கிறது என்றாள். பேக்கரியில் பன் வாங்கித் தின்றோம்.

அடுத்த வாரம் பெண்கள் கழிப்பறையில் ஒரு நாப்கின் பெட்டி வந்தது. சீக்கிரமே காலியும் ஆனது. காலியானதை ஆபீசில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருமுறை கொடுத்ததே பெரிது என்ற நினைப்பு. நான் ஆபீசுக்குக் கிளம்பத் தயாராக இருந்தேன். அதற்கு அவள் இடம் வைக்கவில்லை.

எங்கள் ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரும் வரிசையில் நின்று என்னென்ன தீர்ந்தது என்று சொல்ல வேண்டும். அன்று கிளவுஸ் இல்லை என்று ஒருவர் சொன்னார், மெஷினுக்கு ஊற்றும் கூலன்ட் இல்லை என்று இன்னொருவர். பின்வரிசையிலிருந்து அவள் குரல் வந்தது.

"நாப்கின் தீந்துபோச்சுங்க."

ஆண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அவள் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னாள். சிரிப்பு நின்றது. கூலன்ட்டுக்குக் கீழே சூப்பர்வைசர் எழுதிக்கொண்டார்.

இப்போதும் தீரும்போதெல்லாம் சொல்கிறாள். அவள் விடுப்பில் இருந்தால் வேறு யாராவது சொல்கிறார்கள். சில ஆண்கள் இன்னும் தரையைப் பார்க்கிறார்கள். பார்த்துக்கொள்ளட்டும். எங்களுக்குப் பெட்டி நிறைந்திருக்க வேண்டும்.